பரண் கட்டிலா? முதலில் ஃபேனை அளந்து பாருங்கள்

பிள்ளைக்குப் பரண் கட்டில் செய்ய நினைப்பவர்கள் பட்டறைக்குக் கைபேசியில் ஒரு படத்தோடுதான் போகிறார்கள். மேலே மெத்தை, கீழே படிக்கும் மேசை, ஓரத்தில் ஏணி. அந்தப் படங்களில் பெரும்பாலும் சீலிங் ஃபேன் இருக்காது. அவை குளிர்நாட்டு அறைகள். சேலம், நாமக்கல் பக்கம் சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஃபேன் இல்லாமல் ஒரு மதியம் கழியாது. எங்கள் மகளுக்கு 10-க்கு 10 அறையில் இப்படியொரு கட்டில் செய்து போட்டதில் நான் தெரிந்துகொண்ட முதல் பாடம்: கட்டில் எவ்வளவு உயரம், எந்தச் சுவரோரம் என்பதை ஃபேனும் மேல்தளமும்தான் சொல்ல வேண்டும். பிள்ளையின் ஆசை அதற்குப் பிறகு.

கீழே நிற்கவா, உட்காரவா?

கீழே ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று கேட்டால் கட்டிலின் அடிப்பாகம் 6 அடிக்கு வந்துவிடும். சட்டமும் மெத்தையும் 8 அங்குலம் எடுக்கும். 10 அடி உயர அறையில் மெத்தைக்கு மேல் மிஞ்சுவது 3 அடி 4 அங்குலம். பெரியவர் மேலே உட்கார்ந்தால் தலைக்கும் தளத்துக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. பிள்ளையும் சில வருடங்களில் அந்த உயரத்துக்கு வந்துவிடும். 9 அடி அறையென்றால் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

கீழே படிக்கும் மேசைதான் போடப் போகிறோம். அங்கே யாரும் நிற்கப் போவதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார 4½ அடி போதும். நாங்கள் அடிப்பாகத்தை அந்த உயரத்தில் வைத்தோம். மெத்தையின் மேற்பரப்பு 5 அடி 2 அங்குலத்தில் நின்றது. மேலே ஏறக்குறைய 5 அடி காலியாகக் கிடைத்தது. இரவில் காய்ச்சல் என்றால் தரையில் நின்றபடியே நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். விரிப்பு மாற்றவும் ஏணி ஏற வேண்டியதில்லை.

இறக்கை எதுவரை வருகிறது?

வீடுகளில் வழக்கமாக மாட்டும் ஃபேனின் விட்டம் 1200 மில்லிமீட்டர்; நடுவிலிருந்து இரு பக்கமும் இரண்டிரண்டு அடி. 10 அடி அறையின் நடுவில் மாட்டினால் இறக்கையின் நுனி சுவரிலிருந்து 3 அடியில் சுற்றும். கட்டிலின் அகலமும் 3 அடி. அதாவது கட்டிலின் விளிம்புக்கு நேர் மேலே இறக்கை ஓடுகிறது. பிள்ளை எழுந்து நின்று சோம்பல் முறித்தால் கை அங்கே போய்விடும். உயரத்தைக் குறைத்தாலும் இது தீராது.

அதனால் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு இரண்டு சுவர் ஃபேன் மாட்டினோம். ஒன்று கால்மாட்டுச் சுவரில், கை எட்டாத தூரத்தில், விரல் நுழையாத நெருக்கமான வலையோடு. மற்றொன்று கீழே மேசைக்கு. நடு ஃபேனை அப்படியே விட்டிருந்தாலும் அதன் காற்று கட்டிலுக்கு அடியில் வந்திருக்காது. ஆகையால் இந்த இரண்டு ஃபேனுக்கும் ஒயரிங்குக்கும் ஆகும் பணத்தைக் கட்டிலின் செலவிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவில்தான் சூட்டை இறக்குகிறது. சூடான காற்றும் மேலேதான் தங்கும். அறைக்கு மேலே இன்னொரு மாடி இருந்தால் கவலையில்லை. மொட்டை மாடி என்றால் வெள்ளை கூல் ரூஃப் பெயின்டோ சுண்ணாம்புப் பூச்சோ அடித்த பிறகு கட்டிலுக்கு அளவு கொடுங்கள். அப்படியும் கத்திரி வெயில் நாட்களில் பிள்ளை கீழே பாய் போட்டுப் படுத்தால் படுக்கட்டும்.

இரும்பு, மரம், போல்ட்

லாரி பாடி கட்டுவதில் பேர்போனது நாமக்கல். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிக்கான ரிக் கட்டுகிறார்கள். ஓடி ஓடிக் குலுங்குகிற பொருளை ஆட்டம் வராமல் கட்டத் தெரிந்த கைகள் அங்கே உண்டு. பரண் கட்டிலுக்கும் அந்தக் கைதான் வேண்டும். பளு தாங்காமல் ஒடிவதைவிட, பிள்ளை ஏறி இறங்க ஏறி இறங்க மூட்டுகள் தளர்ந்து ஆடுவதுதான் இதில் அதிகம் வரும் தொல்லை.

நான் கேட்டுப் போன பட்டறைக்காரர் ஒரே கேள்வியில் விஷயத்தை முடித்தார். “ஒட்டுக்கா வெல்டிங் அடிச்சுத் தந்துருவேனுங்க. உங்க வாசப்படிக்குள்ள எப்படிங்க கொண்டு போவீங்க?”

தலைமாட்டுச் சட்டமும் கால்மாட்டுச் சட்டமும் தனித்தனியாக வெல்டிங். அவற்றை இணைக்கும் நீளச் சட்டங்கள் 10 மில்லிமீட்டர் போல்ட்டில், தானாகக் கழலாத லாக் நட்டோடு. கால்களுக்கு 2 அங்குல ஸ்கொயர் டியூப், 14 கேஜ். பின்பக்கம் குறுக்காக ஒரு கிராஸ். கால்களில் அடுத்தடுத்து துளை போடச் சொன்னதால் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். சுவரோடு ஆங்கர் போல்ட்டில் பிடிக்கச் செங்கல் சுவர் தாங்கும். ஹாலோ பிளாக் சுவரை நம்ப வேண்டாம்.

படுக்கும் தளத்துக்கு மட்டும் மரச்சட்டங்கள் போட்டோம். முழு பிளைவுட் போட்டால் மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் இருக்காது. வியர்வை ஈரம் தங்கும். வேம்பு நம் பக்கம் தாராளம், கரையானும் எளிதில் அண்டாது. ஆனால் நன்றாகக் காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும்.

நீளத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். மெத்தை 72, 75, 78 அங்குல நீளங்களில் கிடைக்கிறது. வளரும் பிள்ளைக்கு 78-ஐயே முதலில் செய்துவிடுவது மிச்சம்.

தடுப்பும் ஏணியும்

அமெரிக்காவின் பாதுகாப்பு விதிப்படி அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும். இடைவெளிகளில் பிள்ளையின் உடம்போ தலையோ நுழைந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. 6 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்கவிடக் கூடாது என்பதும் அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் அறிவுரை.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் கூடுதல். இலவம்பஞ்சு மெத்தையைப் பஞ்சு அடித்து வெயிலில் காயவைத்தால் உப்பி எழும். தடுப்பின் உயரம் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே மெத்தை அதிக உப்பலாக இருக்கும்போது அளந்து, அதற்கு மேல் ஓரடி தடுப்பு வைத்தோம். நான்கு கால்களையும் மெத்தைக்கு மேல் 3 அடி நீட்டியதில் கொசுவலை கட்ட இடம் கிடைத்தது. ஏணியில் ஏறும்போது பிடிமானமும் ஆயிற்று.

ஏணிக்கு உருண்டைக் குழாய் வேண்டாம். வெறுங்காலில் பாதம் வலிக்கும், வழுக்கும். 4 அங்குல அகலத் தட்டைப் படியாக, சற்றே சாய்வாக வையுங்கள். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் சிறுநீர் கழிக்க இறங்கும் பிள்ளையை நினைத்துத்தான் ஏணி செய்ய வேண்டும். படியருகே ஒரு சின்ன இரவு விளக்கும் தேவை.

கட்டில் வந்ததும் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து மேலே உட்கார்ந்து பாருங்கள். என்றாவது கதை சொல்ல ஏறத்தான் போகிறீர்கள். ஒரு மாதம் கழித்து எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். பிறகு பள்ளி விடுமுறைதோறும்.

அறை 12-க்கு 12 இருந்து, அதில் ஒரே பிள்ளைதான் என்றால் இத்தனைக்கும் அவசியமில்லை. சாதாரணக் கட்டிலும் ஒரு மேசையும் தாராளமாகக் கொள்ளும். நடு ஃபேனும் இருந்த இடத்திலேயே சுற்றட்டும்.