காரில் பாட்டு கேட்கவில்லையா?

அம்பத்தூரிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லி போகும் வழியில் பாட்டு நின்றுவிட்டால், முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்:

* சத்தமே இல்லை: பிளேயரையோ போனையோ ஒயரில் மாட்டியிருந்தால், ஸ்டீரியோவில் ஆக்ஸ் தேர்வாகியிருக்கிறதா? பிளேயரின் ஒலி அளவை முக்கால் பங்கு வைத்து, மீதியை ஸ்டீரியோவில் கூட்டுங்கள்.

* ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது: ஆக்ஸ் ஒயரின் 3.5 மி.மீ. பின் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. வேறு ஒயர் மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

* இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல்: காரிலேயே சார்ஜ் போட்டபடி ஆக்ஸில் கேட்டால் இது வரும். சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால், ஆக்ஸ் ஒயரின் நடுவே மாட்டும் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' வாங்கினால் போதும்.

* பென்டிரைவைப் படிக்கவில்லை: பல ஸ்டீரியோக்கள் ஃபேட்32 வடிவத்தை மட்டுமே ஏற்கும். பாடல்களைக் கணினியில் பத்திரப்படுத்திவிட்டு, அந்த வடிவில் ஃபார்மட் செய்து, எம்பி3 கோப்புகளாக ஏற்றுங்கள்.

* யூஎஸ்பியில் சார்ஜ் மட்டும் ஏறுகிறது: சில ஒயர்களில் டேட்டா கம்பி இருக்காது. டேட்டா ஒயராகக் கேட்டு வாங்குங்கள்.

* புளூடூத் இணையவில்லை: போன், ஸ்டீரியோ இரண்டிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டு மறுபடி இணையுங்கள்.

* எஃப்எம் டிரான்ஸ்மிட்டரில் கரகரப்பு: 93.5, 98.3, 101.4, 106.4 ஆகியவை சென்னை வானொலி அலைவரிசைகள். அவற்றிலிருந்து தள்ளி, காலியான எண்ணை வையுங்கள்.

வெயிலில் நிறுத்தும் காரில் பிளேயரையோ போனையோ விட்டுச் செல்லாதீர்கள். சூட்டில் பேட்டரி கெடும்.