பிறந்த மாவட்டத்தைப் பிள்ளைகள் ஆராயுமாறு

ஆரம்ப வகுப்புக்களிற் பயிலும் பிள்ளைகளை நோக்கி, 'உங்கள் மாவட்டத்தைப்பற்றி ஒரு செயற்றிட்டம் செய்து வருக' என்று கூறுதல் இந்நாளில் வழக்கமாயிற்று. கூறியவுடன் நிகழ்வது யாது? தந்தையார் கடைக்குச் சென்று படத்தாள் வாங்குவர். தாயார் இரவிரவாக அதனை வெட்டி ஒட்டுவர். தமையனார் கைத்தொலைபேசியிற் கண்டவற்றைப் பெயர்த்தெழுதுவர். பிள்ளையோ உறங்கிவிடும். மறுநாள், அட்டை அழகிய அவ்வேட்டிற்கு ஆசிரியராகிய நாம் நிறைந்த புள்ளி வழங்குவோம். மாவட்டத்தை ஆராய்ந்தவர் ஒருவரும் இலர்.

இக்குறை என்னிடத்தும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நான்காந் தரத்துச் சிறுமி ஒருத்தி, 'எங்கள் கிணற்று நீர் மாரியில் இனிக்கும். கோடையில் உவர்க்கும்' என்று எழுதி வந்தாள். நான் வைத்திருந்த கைந்நூலில் அவ்வாறு இல்லாமையால், அவ்வசனத்தைச் சிவப்பு மையால் வெட்டினேன். மறுநாட் காலை அவளுடைய பாட்டனார் வகுப்பு வாயிலில் நின்றார். "மாஸ்ரர், பிள்ளை பொய் எழுதேல்லை. ஒருக்கா வந்து குடிச்சுப் பாருங்கோ" என்றார். சென்றேன், குடித்தேன், நாணினேன். சிவப்புக் கோட்டை அழித்தல் இயலாமையின், அதன் அருகே 'சரி' என்று எழுதி ஒப்பமிட்டேன். அன்று தொட்டு என் முறையை மாற்றிக்கொண்டேன். அம்முறையை ஈண்டு எழுதுகின்றேன்.

முதலாவது, வினாவைச் சிறிதாக்குதல். மாவட்டம் என்பது ஒன்பது பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு அடங்காத பொருள். எங்கள் வீட்டுக் கிணறு, எங்கள் ஒழுங்கையின் பெயர், இன்று சந்தைக்கு வந்த மரக்கறி விளைந்த இடம் என்பன அடங்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு வினா போதும். முப்பது பிள்ளைகள் முப்பது வினாக்களுக்கு விடை தேடின், மாவட்டத்தின் பெரும்பகுதி வகுப்பறைக்குள் வந்துவிடும்.

இரண்டாவது, மூன்று சாட்சிகளைத் தேடுதல். இடம் ஒரு சாட்சி. முதியோர் ஒரு சாட்சி. நூல் ஒரு சாட்சி. கிணற்றையே எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, பிள்ளை கயிற்றில் முடிச்சிட்டு, ஆவணியிலும் தையிலும் நீர்மட்டத்தை அளந்து குறிக்கட்டும். பின்னர்ப் பாட்டனாரை வினவட்டும். மேற்கூறிய முதியவர், தாம் சிறுவராயிருந்தபோது தந்தையார் துலா மிதிக்கத் தாம் பட்டை பிடித்து இறைத்ததையும், இறைப்பு இயந்திரம் வந்தபின் நீர் மட்டின்றி இறைக்கப்பட்டதையும், அதன் பின்னரே கோடையில் உவர் மிகுந்ததையும் சொன்னார். இதற்கு நூல் காரணம் கூறும். குடாநாட்டின் அடியிலிருப்பது சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கில்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரம் ஓடுவது. மழைநீர் கல்லின் வெடிப்புக்களூடாக இறங்கி, பாரங்கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். நன்னீரை அளவின்றி இறைப்பின் கீழுள்ள உவர் மேலெழும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில், மேலுள்ள நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது, 'யார் சொன்னார்' என்பதை எழுதுதல். யாழ் வல்ல பாணன் ஒருவன் அரசனிடம் பரிசிலாகப் பெற்ற நிலமாதலின் யாழ்ப்பாணம் எனப் பெயர் வந்ததென்று யாழ்ப்பாண வைபவமாலை கூறும். அந்நூல் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில், மயில்வாகனப் புலவரால் இயற்றப்பட்டது. யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டதோ 1619இல். அரசு அழிந்து நூறாண்டு கழிந்தபின் எழுந்த நூல், அவ்வரசு தோன்றுமுன் நிகழ்ந்ததைக் கூறுகின்றது. ஆதலின் பிள்ளை, 'இப்படி நடந்தது' என்று எழுதாது, 'இப்படி வைபவமாலை கூறுகின்றது' என்று எழுதுதல் வேண்டும். இவ்விரு வசனங்களின் வேறுபாட்டை உணர்ந்த பிள்ளை ஆராய்ச்சியின் முதற்படியில் ஏறிவிட்டது.

இலக்கங்களிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறக்குறைய 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்தனர். 2012இல் இருந்தோர் ஏறக்குறைய 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். 'மற்றவர்கள் எங்கே போனார்கள்?' என்று ஒரு மாணாக்கன் வினவினான். விடையின் ஒரு பகுதி எல்லையில் உள்ளது: 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். மறுபகுதி போரிலும் இடப்பெயர்விலும் உள்ளது. அதனை வீட்டிற் கேட்டு வருமாறு சொன்னேன். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது என்றும் சொன்னேன். அவன் ஒரு பக்கம் எழுதி வந்தான். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில், மழையில், அவனுடைய அம்மம்மா நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவைப்பற்றியது அது. அவ்விரவை எந்தப் படத்தாளிலும் வாங்க இயலாது.

நான்காவது, எழுதுதல். நான்கு தலைப்புக்களே போதும்: நான் கேட்டது, நான் கண்டது, எனக்குச் சொன்னவர், நான் இன்னும் அறியாதது. இறுதித் தலைப்புக்கும் புள்ளி உண்டு. வசனம் பிழைபடினும் பிள்ளையின் வசனமாகவே இருக்கட்டும். பெற்றோர் பிள்ளையை இடத்திற்கு அழைத்துச் செல்லலாம். முதியோரிடம் கூட்டிச் செல்லலாம். எழுதுகோலைத் தாம் பிடித்தலாகாது.

இவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டெனச் சிலர் எண்ணக்கூடும். 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. நூலகம் 2003இல் மீளத் திறக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்தது. ஆயினும் எந்நூலிலும் ஏறாத செய்தி முதியோர் நெஞ்சில் மாத்திரம் உள்ளது. அவர் மறையின் அதுவும் மறையும்.

பழைய மாணவராகிய அன்பர்களே! உங்களுட் பலர் இன்று பாட்டனார் ஆயினீர்கள். பேரப்பிள்ளைகள் அருகில் இருக்கலாம். கொழும்பிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். அவர்கள் ஒரு நாள் உங்களிடம் ஒரு வினாவோடு வருவர். அப்பொழுது முழு வரலாற்றையும் சொல்ல முயலாதீர்கள். நீங்கள் நீர் அள்ளிய கிணற்றைச் சொல்லுங்கள். நடந்து பள்ளிக்குச் சென்ற ஒழுங்கையைச் சொல்லுங்கள். அறியாததை அறியேன் என்று சொல்லுங்கள். பிள்ளை அதனை எழுதி, கீழே உங்கள் பெயரையும் தேதியையும் இடட்டும். அவ்வேடு எங்கள் வகுப்பறைக்கு வரின், அதனைச் சிவப்பு மையால் வெட்டமாட்டேன் என்று உறுதி கூறுகின்றேன்.