புதுப் புரொஃபைலில் பழைய வடிகட்டிகள்: மின்னஞ்சல் வைத்திருக்கும் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தாலும் முடிந்தது, கீழே வியாபாரம் மேலே குடும்பம் என்று இருக்கும் எங்கள் பினாங்கு சூலியா தெருப் பக்கத்து வீடுகளில் கம்ப்யூட்டர் மாற்றும் படலம் இன்னும் ஓயவில்லை. கடிதங்கள் எல்லாம் புது கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகின்றன. தெனாகா மின்சார பில்லுக்கு ஒரு பெட்டி, அறை முன்பதிவுக்கு ஒரு பெட்டி, பள்ளிக்கூடச் சுற்றறிக்கைக்கு ஒரு பெட்டி என்று பார்த்துப் பார்த்துப் போட்டுவைத்த வடிகட்டிகளைத்தான் காணோம். தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலி பயன்படுத்துகிற தோழிகள் பதற வேண்டாம். அவை பழைய புரொஃபைலிலேயே, அதாவது தண்டர்பேர்டு உங்கள் கடிதங்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் கோப்புறையிலேயே, பத்திரமாக இருக்கும். ஒரு வெள்ளிகூடச் செலவில்லாமல் நீங்களே எடுத்து வந்துவிடலாம்.

1. முதல் வேலை, எதையும் அழிக்காமல் இருப்பது. பழைய கம்ப்யூட்டரை விற்பது, ஃபார்மட் போடுவது எல்லாம் வடிகட்டிகள் புது இடத்தில் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு. காலியாகத் தெரியும் புரொஃபைலை நீக்கப்போய், "கோப்புகளையும் சேர்த்து அழிக்கட்டுமா" என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

2. அதே கம்ப்யூட்டர்தான், தண்டர்பேர்டை மட்டும் புதிதாகப் போட்டதும் எல்லாம் காலியாகிவிட்டதா? 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி புரொஃபைல் என்று ஆக்கிவிட்டார்கள். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறினாலே புதுசு ஒன்று திறந்துகொள்ளும். ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்துக்குப் போய், 'அபவுட் புரொஃபைல்ஸ்' என்ற இணைப்பைத் திறந்தால் இருக்கிற புரொஃபைல்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். பழையதற்குக் கீழே 'செட் ஆஸ் டிஃபால்ட் புரொஃபைல்' பொத்தானை அழுத்திவிட்டு தண்டர்பேர்டை மூடித் திறங்கள். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும், மீதிக் குறிப்புகள் தேவையே இல்லை.

3. எது பழையது, எது புதியது என்று பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முன்னால் எட்டு எழுத்துக் கந்தர்கோளம், பின்னால் 'டிஃபால்ட்' அல்லது 'டிஃபால்ட் ரிலீஸ்' என்றுதான் இருக்கும். கோப்புறையின் அளவைப் பாருங்கள். பல ஆண்டுக் கடிதம் சேர்ந்தது கனமாக இருக்கும், நேற்றுப் பிறந்தது லேசாக இருக்கும்.

4. புரொஃபைல் முழுவதையும் கொண்டுவர மனமில்லை, வடிகட்டி மட்டும் போதும் என்றால் தேட வேண்டியது ஒரே ஒரு கோப்பைத்தான். அதன் பெயர் 'எம்எஸ்ஜிஃபில்டர்ரூல்ஸ்', வால் 'டேட்'. ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக இருக்கும். அளவு சில கிலோபைட்தான். இழுப்பறையில் கிடக்கும் எவ்வளவு பழைய பென் டிரைவும் இதற்குப் போதும்.

5. விண்டோஸில் அந்த இடம் மறைத்து வைக்கப்பட்டிருப்பதால் சும்மா தேடினால் கண்ணில் படாது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் 'ஆப்டேட்டா' என்று ஆங்கிலத்தில் முன்னும் பின்னும் விழுக்காட்டுக் குறியோடு அடித்து என்டர் தட்டுங்கள். அங்கே தண்டர்பேர்டு, அதற்குள் புரொஃபைல்ஸ். உபுண்டு 24.04 வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அதில் தண்டர்பேர்டு 'ஸ்னாப்' வடிவத்தில் வருவதால், வீட்டுக் கோப்புறையில் உள்ள ஸ்னாப்புக்குள் போய்த் தேட வேண்டும்.

6. புரொஃபைலுக்குள் போனதும் உங்கள் கணக்கு ஐமேப் என்றால் 'ஐமேப்மெயில்' கோப்புறை, பாப் என்றால் 'மெயில்' கோப்புறை. அதற்குள் சர்வர் பெயரில் இருக்கும் கோப்புறையில்தான் வடிகட்டிக் கோப்பு இருக்கும், கணக்குக்கு ஒன்று. பாப் கணக்குகளை எல்லாம் ஒரே இன்பாக்ஸில் கொட்டி வைத்திருப்பவர்கள் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' உள்ளேயும் எட்டிப் பார்க்க மறக்காதீர்கள்.

7. வீட்டுக்கு ஒரு ஜிமெயில், வியாபாரத்துக்கு ஒரு ஜிமெயில் என்றால் இரண்டு கோப்புறைகள் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இருக்கும்; இரண்டாவதில் ஓர் எண் ஒட்டியிருக்கும். எது எதற்கு என்று ஊகிக்க வேண்டாம். அக்கவுன்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் 'லோக்கல் டைரக்டரி' என்று முழுப் பாதையும் எழுதியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழையதில் எண் ஒட்டியது வியாபாரக் கணக்காக இருந்து, புதியதில் வீட்டுக் கணக்காக மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

8. வரிசை முக்கியம்: முதலில் புதுப் புரொஃபைலில் கணக்கைச் சேருங்கள், ஒரு தடவை கடிதம் இறங்கட்டும், பெட்டிகள் எல்லாம் இடப்பக்கம் தெரியட்டும். பிறகு தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டுப் பழைய வடிகட்டிக் கோப்பை அதே சர்வர் கோப்புறையில் ஒட்டுங்கள். திறந்து வைத்துக்கொண்டே ஒட்டினால், அது தன் நினைவில் இருக்கும் காலிப் பட்டியலையே உங்கள் கோப்பின் மேல் எழுதிவிடக்கூடும். மூடியாச்சா என்ற சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் ஒரு பார்வை.

9. வடிகட்டி சொல்லும் பெட்டி புது இடத்தில் இல்லாவிட்டால் அந்த வடிகட்டி வேலை செய்யாது. பாப் கணக்கில் பழைய பெட்டிகள் தாமாக வராது. 'தண்ணீர் பில்', 'வாடகை' என்று அதே பெயரில், அதே எழுத்துக்கூட்டலில் முதலில் உண்டாக்கிவிடுங்கள். ஐமேப் பெட்டி சர்வரில் இருந்தும் தெரியவில்லை என்றால், கணக்கின் மேல் வலது சொடுக்கி 'சப்ஸ்கிரைப்' பட்டியலில் டிக் போட்டால் போதும்.

10. சர்வரோ மின்னஞ்சல் முகவரியோ மாறிவிட்டதா? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கையை உதறிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து போட உட்காருகிறார்கள், பாவம். அந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு வடிகட்டிக்கும் 'நேம்', 'எனேபிள்ட்', 'ஆக்‌ஷன்', 'ஆக்‌ஷன்வேல்யூ', 'கண்டிஷன்' என்று வரிகள் இருக்கும். அவற்றில் ஆக்‌ஷன்வேல்யூ வரிதான் கடிதம் எந்தக் கணக்கின் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்வது. பழைய சர்வர் பெயரைத் தேடி, புதிய பெயரை 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தால் ஐம்பது வடிகட்டியும் ஒரு நொடியில் திருந்திவிடும். முகவரியைத் தேடும்போது ஒரு சூட்சுமம்: நடுவில் உள்ள 'அட்' குறி அங்கே விழுக்காட்டுக் குறியும் 40-உமாக எழுதப்பட்டிருக்கும், நேராக முகவரியை அடித்துத் தேடினால் அகப்படாது. கை வைக்கும் முன் ஒரு நகல், இது சொல்லாமலே தெரிந்ததுதான்.

11. பெட்டிகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறீர்களா, நல்லது. ஆனால் நோட்பேடில் அந்தப் பெயர்கள் தமிழாகத் தெரியாமல் குறியும் எழுத்துமாக ஏதோ கெட்டுப்போனதுபோல் தெரியலாம். கெடவில்லை, அதன் உள்வழக்கம் அப்படி. சர்வர் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அந்தப் பகுதியைத் தொடாமல் விடுங்கள்.

12. திருத்தும்போது எங்காவது ஒரு மேற்கோள் குறி விடுபட்டால் தண்டர்பேர்டுக்குக் கோப்பைப் படிக்க முடியாமல் போகும். அப்போது அது புதுக் கோப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டு, உங்களுடையதை 'ரூல்ஸ்பேக்அப்' என்ற பெயரில் அதே கோப்புறையில் வைத்திருக்கும். அதைத் திறந்து குறியைச் சரிசெய்து பழைய பெயரைச் சூட்டினால் தீர்ந்தது.

13. "முகவரிப் புத்தகத்தில் இருப்பவர் எழுதினால்" என்று நிபந்தனை வைத்த வடிகட்டிகள், புத்தகம் வராமல் வெறுமனே நிற்கும். புரொஃபைலின் மேல்மட்டத்தில் உள்ள 'ஏபுக்' கோப்பையும் முதலிலேயே கொண்டுவந்துவிடுங்கள். அதே இடத்தில் 'டிரெய்னிங்' என்று ஒரு கோப்பு இருக்கும். எது குப்பைக் கடிதம் என்று ஆண்டுக்கணக்கில் நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடமெல்லாம் அதில்தான். லாட்டரிப் பரிசுக் கடிதங்களோடு மறுபடி மல்லுக்கட்ட வேண்டாம், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

14. கடிதத்துக்கு வண்ண அடையாளம் போடும் வடிகட்டியா? தண்டர்பேர்டு தானே தரும் ஐந்து அடையாளங்களுக்குப் பிரச்சினை இல்லை. நீங்களாக உண்டாக்கியவற்றைப் புதுப் புரொஃபைலில் அதே பெயரில் மறுபடி உண்டாக்க வேண்டியிருக்கும்.

15. எல்லாம் வந்த பிறகு டூல்ஸ் மெனுவில் மெசேஜ் ஃபில்டர்ஸ் திறந்து வரிசையைப் பாருங்கள். மேலிருந்து கீழாகத்தான் வேலை நடக்கும். மெனுப் பட்டையே காணோம் என்றால் ஆல்ட் விசையை ஒருமுறை தட்டுங்கள். இன்பாக்ஸில் இதற்குள் குவிந்துவிட்ட கடிதங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாமல், எல்லா வடிகட்டிகளையும் தேர்ந்து 'ரன் நவ்' கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போங்கள்.

16. புரொஃபைல் முழுவதையும் புது கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு, டூல்ஸில் எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறது. 2 ஜிபி வரைதான் அது கைகொடுக்கும். அதற்கு மேல் போனால் கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் போவதுதான் வழி. புது கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு பழைய பதிப்பாக இருந்தால் புரொஃபைலைத் திறக்க மறுக்கும், ஆகவே முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

17. பழைய கம்ப்யூட்டர் உயிரையே விட்டுவிட்டது என்றாலும் பாதகமில்லை, ஹார்ட் டிஸ்க் நல்லபடியாக இருந்தால் போதும். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டுப் புதியதில் செருகினால் 'யூசர்ஸ்' கோப்புறையில் பழைய பெயர் தெரியும். அனுமதி கேட்டால் 'கன்டினியூ' அழுத்துங்கள். டிஸ்க் பூட்டுப் போட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் மட்டும் மீட்புக் குறியீடு தேவைப்படும்.

18. பிரிண்ட் எடுக்கவும் நகல் போடவும் கடைக்குக் கொடுக்கும் பென் டிரைவில் முழுப் புரொஃபைலையும் வைத்திருக்காதீர்கள். 'லாகின்ஸ்', 'கீ4' என்ற இரண்டு கோப்புகளும் சேர்ந்தால் உங்கள் கடவுச்சொற்கள் அத்தனையும் அடுத்தவர் கையில். வடிகட்டிக் கோப்பு மட்டும் என்றால் அந்தப் பயம் இல்லை, யாரிடமிருந்து கடிதம் வருகிறது என்பது வேண்டுமானால் தெரியும்.

19. ஜிமெயில் தளத்திலேயே போட்ட வடிகட்டிகள் கூகுள் சர்வரில் இருப்பவை. புரொஃபைல் எத்தனை மாறினாலும் தொலையாது. கணக்கையே மாற்றுகிறீர்கள் என்றால், செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரசஸ்' போய் எல்லாவற்றையும் டிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். இறங்கும் கோப்பைப் புதுக் கணக்கில் இம்போர்ட் செய்யும்போது, ஏற்கெனவே உள்ள கடிதங்களுக்கும் சேர்த்துப் போடு என்ற கட்டத்தையும் டிக் பண்ணிவிட்டால் ஒரே வேலை.

20. அலுவலகத்தில் பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்கள் 'ரூல்ஸ் அண்ட் அலர்ட்ஸ்' பெட்டியில் ஆப்ஷன்ஸ் பொத்தானுக்குள் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம். கம்ப்யூட்டர் மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்த அன்றே செய்வது உத்தமம்.

21. கைபேசியிலேயே கடிதம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2024 அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு தண்டர்பேர்டுக்குக் கியூஆர் குறியீட்டின் மூலம் கணக்கு போகும், வடிகட்டி போகாது. கம்ப்யூட்டரில் உள்ள வடிகட்டியும் அங்கே தண்டர்பேர்டு திறந்திருக்கும்போதுதான் ஓடும். நடு இரவில் அறை கேட்டுக் கடிதம் வரும் விடுதிக்காரர்கள் அந்த ஒன்றை மட்டுமாவது சர்வரிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

22. மீட்டதோடு மீட்டதாகக் கொஞ்சம் குறைத்தும் விடலாம். தெனாகாவுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, பினாங்கு மாநகராட்சிக்கு ஒன்று என்று மூன்று எதற்கு? 'மேட்ச் எனி' தேர்ந்து மூன்றையும் ஒரே வடிகட்டியில் போடுங்கள். முழு முகவரிக்குப் பதில் 'அட்' குறிக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் கொடுத்தால், அவர்கள் அனுப்பும் முகவரியை மாற்றினாலும் பில் தப்பாது. பிப்ரவரி, ஆகஸ்டு கடைசியில் மதிப்பீட்டு வரி கட்டும்போது தேட வேண்டிய இடம் ஒன்றாகிவிடும்.

23. வருமான வரி வாரியம் வியாபாரக் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. விலைப்பட்டியல் பெட்டிக்குப் போகும் வடிகட்டியில் 'டிலீட்' என்ற செயல் எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இப்போது மின்விலைப்பட்டியலும் மின்னஞ்சலில் வருவதால் இது இன்னும் அவசியம்.

24. வடிகட்டிக் கோப்பின் நகலை மாதம் ஒருமுறை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள், காசில்லாத காப்பு. முழுப் புரொஃபைலின் நகலைப் பென் டிரைவில் போட்டு வேறு வீட்டில் வையுங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்துப் பொருள்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பட்டர்வொர்த்திலோ பாயான் லெப்பாஸிலோ அக்கா, தம்பி வீடு இருந்தால் அங்கே, அவர்களுடையது உங்கள் வீட்டில்.

25. கடைசியாக ஒரு சோதனை. வீட்டில் வேறொருவர் கைபேசியிலிருந்து, வடிகட்டி பிடிக்க வேண்டிய சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். சரியான பெட்டியில் போய் விழுந்தால் பழைய கம்ப்யூட்டரை விற்கலாம். இன்பாக்ஸிலேயே நின்றால் மெசேஜ் ஃபில்டர்ஸ் சன்னலில் 'ஃபில்டர் லாக்' திறந்து, எந்த வடிகட்டி எந்தக் கடிதத்தைத் தொட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவேடு தொடக்கத்தில் அணைந்திருக்கும், மேலே உள்ள கட்டத்தில் டிக் போட்டுவிட்டு மறுபடி ஒரு கடிதம் அனுப்பச் சொல்ல வேண்டும்.