பதக்கமும் பட்டயமும்

ஜங்லிகாட், போர்ட் பிளேர்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. கால் வலி விட்டதா? பி.எட். வேண்டாமென்று 800 மீட்டர் ஓட்டத்துக்காகவே சென்னை போகப்போகிறாயாம், அம்மா சொன்னாள். முடிவு உன்னுடையது; தடுக்க எழுதவில்லை. சாந்தி சவுந்தரராஜனை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பார். புதுக்கோட்டை கத்தக்குறிச்சிப் பெண். 2006 தோகா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்துக்கொண்டார்கள். மருந்து எதுவும் தின்னவில்லை. பிறந்த உடம்போடுதான் ஓடினார். எவ்வளவு நேர்மையாக ஓடினாலும் பதக்கம் கொடுத்தவன் எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள்தான்.

தோற்றவர்கள்தானே வாத்தியாராகிறார்கள் என்பாய். ஆனால் தமிழக அரசு தந்த 15 லட்சத்தை வைத்து சாந்தி ஊர்ப்பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தார். ஆறுதல் தேடுகிறவர் செய்கிற காரியமா அது? பிறகு ஏன் 2012-ல் செங்கல் சூளையில் கூலிக்கு நின்றார் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. என் கணக்கில் பதில் இதுதான்: சொல்லிக்கொடுக்கத் தெரிந்தது, அதை நிரந்தர வேலையாக்கும் காகிதம் கையில் இல்லை. அதன் பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார்.

படிப்பு காத்திருக்கும், வயது காத்திருக்காது என்பதும் உன் வாதம். ஆனால் தோகாவில் வெள்ளி வாங்கியபோது சாந்திக்கு வயது 25. பி.எட். இரண்டே வருடம், காலையிலும் மாலையிலும் ஓட நேதாஜி ஸ்டேடியம் அங்கேயேதான் இருக்கும். சென்னைப் பெண்ணுக்குக் கால் பிசகினால் பஸ் ஏறி வீட்டுக்குப் போவாள். நீ மூன்று நாள் கப்பலில் வரவேண்டும். வைத்தியமா, படிப்பா, பயிற்சியா, எதற்கெடுத்தாலும் மெயின்லேண்ட் என்பதே இந்தத் தீவின் தலையெழுத்தாகிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுக்கக்கூட அங்கிருந்துதான் ஆள் வரவேண்டுமா? கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய நம் குடும்பத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தால் ஆகாதா?

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நீ ஓடினாலும் சரி, உட்கார்ந்தாலும் சரி, எங்களுக்கு நீதான் பதக்கம். டிக்கெட் போட்டுவிட்டால் தேதியைச் சொல். ஹாடோ துறைமுகத்துக்குப் பெட்டியைத் தூக்க நானே வருகிறேன். பெரியம்மா கருவாடு கட்டித் தருவாளாம். போவதற்கு முன் பி.எட். விண்ணப்பத்தை மட்டும் ஒருமுறை நிரப்பிப் பார்.

பெரியப்பா