மாற்றுத்திறனாளர்: பணிவாய்ப்பும் பணிநிறைவும்

பதினேழாம் நூற்றாண்டில் செங்கற்பட்டுச் சீமையில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையற்றவர். சேயூர்க் கலம்பகமும் திருக்கழுக்குன்றப் புராணமும் பாடியவர். வள்ளல்கள் அவருக்கு ஈந்த பரிசில் அவர்தம் கவித்திறனுக்கு உரிய மதிப்பாகும். கண்ணின்மையைக் கண்டு இட்ட பிச்சையன்று. பணிநிறைவு என்னும் பொருளை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் ஊனமுற்றோர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 விழுக்காடாக உயர்த்தியது. 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளும் 21 ஆயின. எனினும் அச்சட்டத்தின் 20ஆம் பிரிவே என் நோக்கில் தலையாயது. பணியாற்றுவதற்கு ஏற்ற வசதிகளை அரசு நிறுவனம் செய்து தருதல் வேண்டும். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்குதலோ பதவியிறக்கம் செய்தலோ கூடாது. குறைபாட்டைக் காரணமாகக் காட்டிப் பதவி உயர்வை மறுத்தலும் ஆகாது என அது விதிக்கின்றது. காலிழந்த காவலர் குணால் சிங் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின்கீழ் இத்தகைய பாதுகாப்பையே உறுதிசெய்தது. பார்வையின்மையைக் காட்டி நீதித்துறைப் பணியை மறுத்தலாகாது என்று 2025இலும் தீர்ப்பளித்தது.

பணியில் அமர்த்துவது வேறு, பணியைக் கொடுப்பது வேறு. ராஜகீழ்ப்பாக்கத்தில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் பார்வையற்றவர். தமிழில் முதுகலை பயின்றவர். ஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார். நாள்தோறும் தாம்பரம் நிலையத்தின் படிகளைக் கைத்தடியால் அளந்து ஏறிச் சென்றவருக்கு அங்கே காத்திருந்தது ஒரு நாற்காலி மட்டுமே. “சிரமப்படாதீர்கள் தம்பி, சும்மா இருங்கள், சம்பளம் வந்துவிடும்” என்றனராம். அன்பால் கூறிய சொற்கள்தாம். அதனாலேயே அவரால் சினங்கொள்ளவும் இயலவில்லை. “ஐயா, ஊதியம் வாங்கும்போது கை கூசுகிறது” என்று என்னிடம் சொன்னார். வேலையற்றிருந்த நாளில்கூட அவர் குரல் அவ்வளவு தாழ்ந்ததில்லை.

திரையிலுள்ள எழுத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள் வேண்டுமென்று அவரை விண்ணப்பிக்கச் செய்தோம். என்விடிஏ போன்றவை விலையின்றியே கிடைக்கின்றன. ஆயினும் அதனைக் கணினியில் நிறுவ ஓராண்டு பிடித்தது! இன்று அலுவலகத்தின் தமிழ்க் கடிதங்களை அவரே வரைகின்றார். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். மேலதிகாரி தம் கடிதத்தில் ஒற்றுப்பிழை கண்டு கடிந்துகொண்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தார்.