தைராய்டும் நடைப்பயிற்சியும்

நம் கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவத்தில் இருப்பது தைராய்டு சுரப்பி. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள், சில பேருக்கு இந்தச் சுரப்பியையே எதிரின்னு நினைச்சுத் தாக்கும். 1912-ல் ஜப்பான் மருத்துவர் ஹஷிமோட்டோ இதைப் பற்றி எழுதினார். அதனால் நோய்க்கும் அவர் பெயரே வந்தது. பெண்களுக்குத்தான் இது அதிகம்.

சுரப்பி பழுதானால் தைராக்சின் குறையும். அசதி வரும், எடை கூடும். இதெல்லாம் வெளியே தெரியும். உள்ளே தெரியாமல் நடப்பதும் உண்டு. இரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடும். இரத்தக் குழாய்கள் விரியும் தன்மை குறையும். இது இதயத்துக்கு நல்லதில்லை.

குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கித்தான் குழாயை விரிக்கிறது. இதைக் கண்டறிந்ததற்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் வேகமா நடக்கும்போது இரத்தம் உட்சுவரை உரசிக்கொண்டு ஓடும். அப்போது அந்த வாயு அதிகம் உண்டாகும். பெரியவர்கள் வாரம் 150 நிமிடமாவது உடற்பயிற்சி செய்யணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் 30 நிமிடம் வீதம் 5 நாள் நடந்தால் கணக்கு சரி.

எங்க அம்மாவுக்கும் இந்த நோய் இருக்கு. "வீட்டு வேலையே போதாதா?"ன்னு கேப்பாங்க. அடுப்படியிலேயே நின்னா இரத்த ஓட்டம் அவ்வளவா கூடாதே! இப்போ சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் ஏரிக்கரை வரை போறோம்.

ஒன்று முக்கியம். நடக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்னபடி வெறும் வயிற்றில் போடணும். உங்க வீட்டிலும் யாருக்காவது தைராய்டு இருந்தா, நடக்கச் சொல்றதோட நிக்காம நீங்களும் கூடவே நடங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி