பெயர் தேடும் மகளுக்குப் பெரியப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அனுப்பிய பெயர்ப் பட்டியல் வந்து சேர்ந்தது. பாதிப் பெயர்கள் 'ஷ்' என்று முடிகின்றன, மீதி 'ஷா' என்று முடிகின்றன. பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளைக்கு இல்லாத பெயராக இருக்க வேண்டும், அர்த்தமும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஆசை நியாயமானதுதான். ஆனால் இரண்டும் கிடைப்பது வேறு இடத்தில்.

கருணாநிதி வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைப் பார். மூத்தவர் முத்து; அது கருணாநிதியின் தந்தை முத்துவேலரின் நினைவு. அடுத்தவர் அழகிரி, இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் நினைவு. 1953 மார்ச் 1 அன்று இன்னொரு மகன் பிறந்தார். மார்ச் 5 அன்று சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார். பிள்ளைக்கு அந்தப் பெயரே அமைந்தது. ஒரு தாத்தா, ஒரு மேடைப் பேச்சாளர், ஓர் அயல்நாட்டுத் தலைவர் என்று மூன்று திசைகளிலிருந்து வந்த பெயர்கள். அரசியலில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இவற்றை எவரும் அகராதியைப் புரட்டி எடுக்கவில்லை. "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று பிள்ளை கேட்டால் அப்பாவிடம் சொல்வதற்கு ஒரு செய்தி இருந்தது. உன் பட்டியலில் இல்லாதது அதுதான்.

அர்த்தம் இருந்துவிட்டால் மட்டும் நல்ல பெயராகிவிடாது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீடுகளில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். பிச்சை என்றும் வைத்தார்கள். எமன் கண்ணில் மதிப்பாகப் படக்கூடாது என்ற பயம் அதில் இருந்தது, பாசமும் இருந்தது. 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்பவை வேறு ரகம். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெற்றவர்கள் பட்ட ஏமாற்றத்தை ஆயுள் முழுக்க மகள் சுமந்தாள். மகாராஷ்டிரத்திலும் 'நக்குஷி' என்ற பெயர் இதே பொருளில் இருந்தது. 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்டத்தில் 285 பெண்களுக்கு அதை மாற்றி, அரசு விழாவிலேயே புதுப் பெயர் கொடுத்தார்கள். பெற்றவர்களின் கவலையோ கனவோ பிள்ளையின் தலையில் ஏறக்கூடாது. குழந்தை ஐ.ஏ.எஸ். ஆக வேண்டும் என்று மாப்பிள்ளை நினைத்தால் நினைக்கட்டும், அதைப் பெயரில் எழுதி வைக்க வேண்டாம்.

இனி, எங்கே தேடுவது? முதலில் கோயில். அதுவும் பெரிய பெயர்களை விட்டுவிட்டு, அந்தந்த ஊர் அம்மனின் பெயரைப் பார்க்க வேண்டும். குற்றாலத்தில் இருப்பவள் குழல்வாய்மொழி. திருச்சி மலைக்கோட்டையில் மட்டுவார்குழலி, திருமருகலில் வண்டுவார்குழலி, வேதாரண்யத்தில் யாழைப்பழித்தமொழி. ஒவ்வொன்றும் தனிப் பெயர், ஓர் ஊரோடு ஒட்டிய பெயர். நம் பக்கத்தில் பாட்டிமார் காலத்தில் தெருவுக்கு இரண்டு கோமதியும் காந்திமதியும் இருந்தார்கள். குழல்வாய்மொழி என்று ஒருத்தியைக் காண்பது அன்றைக்கே அரிது. நீளம் என்று மாப்பிள்ளை தயங்கினால், வீட்டில் குழலி என்று கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது கல்வெட்டு. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு, சோழநாட்டுக் கோயில்களிலிருந்து ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். எந்தத் தெரு, எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பது முதற்கொண்டு அவர்கள் பெயர்கள் 1014-ஐ ஒட்டிய கல்வெட்டில் வரிசையாக இருக்கின்றன. சேரமங்கை, தில்லையழகி, வீதிவிடங்கி. நடராசரின் தூக்கிய திருவடியை எண்ணி 'எடுத்தபாதம்' என்றுகூட ஒருத்தி. எல்லாவற்றையும் இன்றைக்கு எடுத்து வைக்க முடியாதுதான். ஆனாலும் தில்லையழகி எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் அழகாகத்தான் இருப்பாள்.

பையன் என்றால் கீழடிப் பானையோட்டில் குவிரன், ஆதன் இருக்கிறார்கள். யாரோ தங்கள் பானையில் கீறிவைத்த பெயர்கள், ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையவை. சங்கப் பெண்பாற் புலவர்களில் நன்முல்லை, நச்செள்ளை, வெள்ளிவீதி இருக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் அதிரல், மௌவல், செருந்தி எல்லாம் பெயராகக் காத்திருக்கின்றன. கதையிலிருந்தும் எடுக்கலாம். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய தொடர்கதையில் கற்பனையாகப் படைத்த பூங்குழலி இன்று எத்தனையோ வீடுகளில் நிஜமாக நடமாடுகிறாள்.

நட்சத்திர எழுத்து பார்க்க வேண்டும் என்று சம்பந்தியம்மா சொன்னால் மறுக்காதே. அதிலும் பிடிவாதம் வேண்டாம் என்று மட்டும் பக்குவமாகச் சொல். திருவாதிரைக்குப் பஞ்சாங்கம் தரும் எழுத்துகள் கு, க, ங, ச. மூன்றாம் பாதத்தில் பிறந்த பிள்ளைக்கு 'ங'வில் பெயர் தேடினால் மருந்துக்குக்கூடக் கிடைக்காது. ஜோசியர்களே அங்கே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

பெயர் முடிவானதும் காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். செஸ் உலகம் விஸ்வநாதன் ஆனந்தை 'விஷி' என்றுதான் கூப்பிடுகிறது. விஸ்வநாதன் என்பது அவருடைய அப்பா பெயர்! இனிஷியல் நம் ஊரோடு சரி, பாஸ்போர்ட்டில் அதை விரித்துத்தான் எழுத வேண்டும். ஒற்றைப் பெயரோடு போனால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று பிறகு தளர்த்தியது. நீங்கள் துபாயில் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ழ' வரும் பெயரானால், ஆங்கிலத்தில் 'இசட் எச்' போடுவதா, 'எல்' போடுவதா என்று இருவரும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். எண்கணிதக்காரர் சொன்னார் என்று இடையில் ஓர் எழுத்தைச் சேர்த்தால், பிள்ளை ஒவ்வொரு அலுவலகத்திலும் அதை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டி வரும்.

பிரசவத்துக்கு இங்கே வந்துவிடுவதால் இன்னொன்று. பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை இடம் உண்டு. எனவே ஆஸ்பத்திரியில் படிவம் நீட்டுகிறார்கள் என்று அவசரப்பட்டு ஏதாவது சொல்லிவிடாதே. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஏறிய எழுத்தைப் பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல்.

வளைகாப்புக்கு வரும்போது ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு மூன்று என்று எழுதிக் கொண்டுவா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஏன் இந்தப் பெயர் என்று ஒரு வரி இருக்கட்டும். சம்பந்தியம்மா சொல்லும் பெயருக்கும் அதில் ஓரிடம் விட்டு வை. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்திருக்கும், எல்லோருமாகப் போய்வரலாம்.

அன்புடன்,
பெரியப்பா
தென்காசி